ஓரத்தில் எழுதிய கேள்வி

என் கொழுந்தன் கொழும்புக் காலேஜில் படித்த இரண்டு வருஷமும், லீவுக்கு வந்தால் டிரங்குப் பெட்டியை என் கண்முன்னால் திறக்கமாட்டான். அழுக்குத் துணிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு உடனே மூடிவிடுவான். ஒரு தடவை அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில், பெட்டியை வெயிலில் வைக்கலாம் என்று தூக்கிப் போய்த் திறந்தேன். அடியில் ஒரு கட்டுக் காகிதம். அவன் எழுதிக் கொடுத்து, வாத்தியார்கள் திருத்தித் திருப்பிக் கொடுத்த வியாசங்கள். இப்போது கட்டுரை என்கிறார்கள். அந்த நாளில் வியாசம் என்றுதான் சொல்வோம். கறுப்பு மையில் அவனுடைய கையெழுத்து, அதன்மேல் சிவப்பு மையில் கோடு கோடாக. எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் மெச்சியிருக்கிறார்களா, அடித்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள இங்கிலீஷ் எதற்கு?

தமிழே எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். இதையும் ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்றுதான் எழுதி வருகிறேன்.

அவன் என் புருஷனுக்குப் பதினைந்து வயது இளையவன். நான் கல்யாணமாகி, தூத்துக்குடியில் கப்பலேறி, பண்டாரவளைவரை ரயிலிலும் அதற்குமேல் மாட்டு வண்டியிலும் வந்து பதுளையில் இறங்கியபோது, அவன் தாயில்லாத நாலு வயதுப் பிள்ளை. எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எங்கள் கடைத்தெருவில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் காலேஜுக்குப் போன முதல் ஆள் அவன். அதை நான் அடக்கமாக வைத்துக்கொண்டேன் என்று சொன்னால் பொய். கோயிலில் விளக்குப் போடும்போது பக்கத்தில் யார் நின்றாலும், "எங்க தம்பி லண்டன் பரீட்சை எழுதப் போறான்" என்று சொல்லாமல் திரும்பமாட்டேன். பரீட்சைத் தாள் லண்டனிலிருந்து கப்பலில் வரும் என்று அவன் சொல்லியிருந்தான். அதையும் சேர்த்துச் சொல்வேன்.

அந்தக் கடைசி லீவில், வந்த மறுநாளே, அவனாகவே என்னிடம் வந்து உட்கார்ந்தான். நான் பின் தாழ்வாரத்தில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, இந்த லீவுக்குள்ள ஒரு வியாசம் எழுதித் தபால்ல அனுப்பணும். அது சரியா இருந்தாத்தான் புரொபசர் கையெழுத்துப் போடுவாரு. அவரு கையெழுத்து இல்லாம லண்டன் பரீட்சைக்கு உட்கார முடியாது."

"போடலேன்னா?"

"போடலேன்னா என்ன, கடைதான்."

கடைக்குள்ளிருந்து என் புருஷன் குரல் வந்தது. "கடைன்னா அவ்வளவு எளப்பமாப் போச்சா? இங்க நின்னு துணி கிழிச்சவன் தம்பிதான்டா நீ."

"எளப்பமாச் சொல்லலண்ணே."

"பின்ன? பாகற்காயைக் கடிச்ச மாதிரி சொல்றே?"

அண்ணன் தம்பி பேச்சு அப்படித்தான் இருக்கும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தவள் நான்தான். அவன் கடையை வெறுக்கவில்லை. கடையில் நின்றால் தான் என்ன ஆவோம் என்று அவனுக்குத் தெரியும். அது அவனுக்குப் பயமாக இருந்தது.

அந்தப் புரொபசர் வெள்ளைக்காரர். கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன், பின்னால் நடந்ததையெல்லாம் வைத்துக்கூட. மற்ற வாத்தியார்கள் மார்க்கைப் போட்டு வீசுகிற இடத்தில் அவர் ஓரத்தில் எழுதுவார். இங்கே இப்படி எழுதாதே, இது இரண்டு தடவை வந்துவிட்டது, இதற்கு என்ன அர்த்தம் என்று. லீவில்கூட, எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன், திருத்தி மறுபடி அனுப்பு என்றாராம். அந்தப் பழைய கட்டை எடுத்துவரச் சொல்லி, ஓரத்தில் எழுதியிருந்ததையெல்லாம் அவனைத் தமிழில் சொல்ல வைத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான்.

ஒரு வியாசம் மலைநாட்டைப் பற்றியது. முதல் பக்கம் முழுதும் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. பனி விலகியது, பறவை கூவியது, பொன்னைக் கரைத்து ஊற்றியது போல என்று ஏதேதோ.

"விடியறதுக்கே ஒரு பக்கமாடா? பெறகு எப்ப சமைச்சு எப்பச் சாப்பிடுறது?" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். "அவரும் அதைத்தான் அண்ணி எழுதியிருக்காரு. அலங்காரம் போதும், விஷயத்தைச் சொல்லுன்னு."

"அப்ப அவரு நம்ம ஆளுதான்."

அந்த லீவுக்குக் கொடுத்திருந்த விஷயம் இது: தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிக்குச் சர்க்கார் போட்டிருக்கிற சட்டங்களால் நன்மை உண்டா? அவன் கொழும்பிலிருந்து தடித்த சர்க்கார் புத்தகம் ஒன்று கொண்டுவந்திருந்தான். பத்து நாள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுதி முடித்ததை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். இந்தச் சட்டம், அந்தச் சட்டம், ஆஸ்பத்திரி, அரிசி. நடுவில், பிள்ளை பெற்றவளை ஒரு மாசம் வேலைக்குக் கூப்பிடக்கூடாது, சோறு கொடுத்துத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே இருக்கவிட வேண்டும் என்று ஒன்று வந்தது.

"அப்படியா எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணி, சட்டமே இருக்கு."

"சட்டம் இருக்கலாம். ஒம்பதாம் நாள் பெரட்டுக்குப் போனவளை எனக்குத் தெரியும்."

பெரட்டு என்றால் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலைக்குப் பிரித்து அனுப்புவது. அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

எனக்கு அது எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் கடைக்குப் பின்கட்டில் ஒரு தாழ்வாரம், ஒரு கிணறு. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க வருவார்கள். ஆண்கள் கடையில் நிற்கும்போது பெண்கள் பின்னால் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பரா. ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் சுவர் பாதிதான். அங்கே பேச முடியாததெல்லாம் இங்கே வந்துதான் வெளியே வரும். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைக்காத வழக்கம். அங்கே கேட்டதை இன்னோர் இடத்தில் சொன்னால், "ஒருத்தி சொன்னா" என்றுதான் சொல்ல வேண்டும். எந்த ஒருத்தி, எந்தத் தோட்டம் என்று சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. அப்படிக் கேட்பது சேலையைப் பிடித்து இழுப்பது மாதிரி. அதுவரை பதினாறு வருஷம் நான் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வாயிலிருந்து ஒரு பெயர் வெளியே போனதில்லை. அதனால்தான் அவர்கள் வந்தார்கள்.

பசறைப் பாதையில் இருந்த ஒரு தோட்டத்துப் பெண் அவள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். பேச்சில் துடுக்கு. அதற்கு நாலைந்து மாதம் முன்னால், கைப்பிள்ளையோடு வந்து தாழ்வாரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது.

"என்னடி உடம்புக்கு?"

"பால் கட்டிக்கிச்சும்மா. கல்லு மாதிரி இருக்கு."

"பிள்ளை குடிக்கலையா?"

"பிள்ளை பிள்ளைக்காம்பராவுல ஆயாகிட்ட, நான் மலையில. யாரு குடிக்கிறது? ஒம்பதாம் நாளே பெரட்டுக்கு வரச் சொல்லிட்டாங்க. கொழுந்து பொங்குது, ஆள் பத்தலையாம்."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாந்தான். காம்பரா யாருது?" என்றாள். பிறகு அவளாகவே சிரித்தாள். "மொத நாளே சேலை முச்சூடும் நனைஞ்சு போச்சும்மா. கங்காணி பாத்துட்டு, 'ஏம்புள்ள, மழை எப்ப பேஞ்சிச்சு?'ன்னாரு. 'எனக்கு மட்டும் பேயுதுங்க'ன்னேன்."

கூட இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் வெந்நீர் வைத்துத் துணியை முக்கி ஒத்தடம் கொடுத்தேன்.

இதை என் கொழுந்தனிடம் சொன்னேன். மழையையும் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அவனும் அந்தத் தாழ்வாரத்தில் வளர்ந்தவன்தானே. சட்டத்தைச் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே, "ஆனால் ஒரு தோட்டத்தில் இப்படி நடந்ததாகச் சொல்லப்படுகிறது" என்று எழுதி, அவள் கதையை நாலு வரியில் வைத்தான். தபாலில் அனுப்பினான்.

பத்து நாளில் திரும்பி வந்தது. உறையை அவன் பிரித்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். சிவப்பு மை முன்னைப்போல் இல்லை, குறைவுதான். அந்த நாலு வரிக்குப் பக்கத்தில் மட்டும் ஓரம் நிறைய எழுதியிருந்தது.

"என்னடா சொல்றாரு?"

"இந்த நாலு வரிதான் இதுல உயிருள்ள எடமாம். மத்ததெல்லாம் புத்தகத்துல உள்ளது, அது தனக்கே தெரியுமாம்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் வாயிலிருந்து வந்த நாலு வரி அல்லவா.

"ஆனா..." என்று நிறுத்தினான். "யார் சொன்னதுன்னு கேட்டிருக்காரு. எந்தத் தோட்டம், எந்த ஆளு, எப்ப. அது இல்லேன்னா வெறும் வதந்தியாம். எடுத்துப் போடணுமாம்."

"வதந்தியா?"

"ஊர்ப்பேச்சு. நம்ப முடியாத பேச்சு."

அந்தச் சொல்தான். இத்தனை காலம் கழித்து யோசித்துப் பார்க்கிறேன், அந்த ஒரு சொல்தான் என்னைப் புரட்டிப்போட்டது. என் வாழ்நாளில் நான் பொய் சொல்கிறேன் என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. கடைத்தெருவில் ஒரு சண்டை வந்தால்கூட, அந்த அம்மா சொன்னால் சரி என்பார்கள். கொழும்பில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒருத்தன், என் தாழ்வாரத்தில் நான் கையால் ஒத்தடம் கொடுத்ததை வதந்தி என்கிறான்.

"எழுதிக்க" என்றேன். "பேரு, ஊரு எல்லாம் எழுதிக்க."

அவன் என்னைப் பார்த்தான். "வேணாம் அண்ணி. அதை எடுத்துடுறேன். புத்தகத்துல உள்ளதை வச்சே இன்னும் நல்லா எழுதிப் பாக்குறேன்."

"உயிருள்ள எடத்தை எடுத்துப்புட்டா மிச்சம் பொணந்தானே? அதுக்குக் கையெழுத்துப் போடுவானா?"

அவன் காகிதத்தை மடிக்கப் போனான்.

"கொழும்புல இருக்குற வெள்ளைக்காரன் படிச்சுட்டுப் பொட்டியில வைக்கப்போறான். இங்க யாருக்குத் தெரியப்போகுது? எழுது."

சொன்னேன். அவள் பெயர், அவள் புருஷன் பெயர், தோட்டத்தின் பெயர், மேட்டு லயத்தில் மூன்றாவது காம்பரா. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் ஒவ்வொன்றாக எழுதினான். மறுபடி முழுவதும் எழுதி, எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினான். விடியற்காலைச் சூரியன் கிடையாது. அலங்காரம் கிடையாது. சட்டம் இது, இந்தத் தோட்டத்தில், இந்தக் காம்பராவில் இருக்கிற இந்தப் பெண்ணுக்கு நடந்தது இது, ஆகவே நான் சொல்வது இது. அவ்வளவுதான். கேட்கும்போதே தெரிந்தது, அவன் எழுதியதிலேயே இதுதான் நல்ல வியாசம் என்று. அவனுக்கும் தெரிந்தது. தபாலில் போட்டுவிட்டு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். பிள்ளை தேறியிருந்தது, கழுத்து நின்று, கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்து இழுத்தது. என் கொழுந்தன் உள்ளே உட்கார்ந்து படிப்பதைக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள்.

"சின்ன மொதலாளி என்னம்மா, எந்நேரமும் எழுதுறாரு?"

"பெரிய படிப்புடி."

"எங்க கணக்கப்பிள்ளையும்தான் எந்நேரமும் எழுதுறாரு. அது என்ன படிப்போ."

மற்றவர்களோடு நானும் சிரித்தேன். உன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. எழுந்துபோய்க் கடையிலிருந்து பிள்ளைக்கு ஒரு சட்டைத்துணி கிழித்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

"என்னம்மா இன்னைக்கு? தீபாவளி கூட இல்லையே?" என்றாள்.

"சும்மாதான் வச்சுக்கடி."

அவள் அதை உதறிப் பிள்ளையின் மேல் வைத்து அளந்து பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் அவளை நான் பார்க்கவில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. அந்தத் தோட்டத்து ஆட்கள் யாரும் பின்கட்டுக்கு வரவில்லை. நாலாவது ஞாயிறு இரண்டு பெண்கள் வந்தார்கள். கடை முன்னாலேயே நின்று உப்பும் கருவாடும் வாங்கினார்கள். தண்ணீர் குடிக்க உள்ளே வரவில்லை. நானே முன்னால் போனேன்.

"ஏண்டி, உள்ள வர்றதுக்கு என்ன? அவ வரலையா?"

"யாருங்கம்மா?"

பெயரைச் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள்தான் பேசினாள்.

"அவங்களுக்குப் பத்துச்சீட்டு குடுத்துட்டாங்கம்மா."

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டுப் போ என்று கொடுக்கிற கடுதாசி. அதைக் கையில் கொடுத்தால் லயத்துக் காம்பராவை விட வேண்டியதுதான்.

"எதுக்குடி?"

"தொரைக்குக் கொழும்புலருந்து கடுதாசி வந்துச்சாம். அவ பேரு, புருஷன் பேரு, காம்பரா எல்லாம் போட்டு, இது நெசமான்னு கேட்டுருந்துச்சாம். தொரை அந்தாளக் கூப்பிட்டு, 'உன் பொஞ்சாதி எங்கிட்ட வந்து சொல்லாம கொழும்புக்குச் சொல்லுறாளா?'ன்னாராம். அவ மாமனாரு, அந்தக் கெழவரு, தொரை காலப் புடிச்சுக் கெஞ்சிப் பாத்தாரு. ஒண்ணும் நடக்கல. சட்டி பானையத் தூக்கிக்கிட்டு நாலு பேரும் மடுல்சீமைப் பக்கம் போனாங்க. அங்கதான் யாரோ சொந்தம் இருக்காமில்ல."

"அங்க வேலை குடுப்பாங்களா?"

"பத்துச்சீட்டு வாங்கிப் போறவங்களை யாரும்மா சேப்பாங்க?" பிறகு கருவாட்டுப் பொட்டலத்தைக் கூடையில் வைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "யாரோ எழுதிப்புட்டாங்க."

யாரோ என்றாள். அதற்குமேல் அவள் என்னை ஏசியிருக்க முடியாது.

அந்த வாரமே புரொபசரின் கடுதாசி வந்தது. இந்தத் தடவை வியாசம் தனியாக, கடுதாசி தனியாக. என் கொழுந்தன் ஒரு தடவை படித்துவிட்டு, அதை மறுபடி உறைக்குள் வைத்தான். என் புருஷன் கடையிலிருந்து எழுந்து வந்தார்.

"என்னடா? போட்டாரா, இல்லையா?"

"போடலண்ணே."

எழுத்து நன்றாக இருக்கிறதாம். இப்படி எழுத முடியும் என்று தான் எதிர்பார்க்கவில்லையாம். ஆனால் சொன்னதைச் சரிபார்ப்பது தன் கடமை என்று, அந்தத் தோட்டத்துத் துரைக்கு எழுதிக் கேட்டாராம். அப்படி ஒரு பெண்ணோ, அந்தப் பெயரில் ஒரு குடும்பமோ தம் தோட்டத்தில் இல்லை என்று துரை பதில் எழுதியிருக்கிறார். இல்லாத சாட்சியைக் கற்பனை செய்து எழுதுகிறவனைப் பரீட்சைக்கு அனுப்பத் தன் மனம் ஒப்பவில்லையாம். மிகவும் வருத்தமாம்.

"இல்லைன்னா? எப்படி இல்லாம போவா?" என்றேன்.

"தொரை எழுதினப்ப இல்லதானே, அண்ணி" என்றான். "பொய் இல்ல. அனுப்பிச்சுட்டுத்தானே எழுதியிருக்காரு."

பிறகு நான்தான் சொன்னேன், தோட்டத்துக்குப் போவோம், அவள் அங்கே இருந்தாள் என்று நாலு பேர் சொன்னால் அதை எழுதி அனுப்பலாம் என்று. கடைக்கார வீட்டுப் பெண்கள் லயத்துக்குப் போகிற வழக்கம் கிடையாது. என் புருஷன் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வண்டி கட்டச் சொன்னார்.

வெயில் காலம். காற்று வறண்டு, பாதையெல்லாம் புழுதி. தோட்டத்துக்கு மேலே ஏறியபோது பத்து மணி இருக்கும். மேட்டு லயத்தில் மூன்றாவது காம்பராவின் முன்னால் போய் நின்றோம். உள்ளே வேறு குடும்பம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் புதிது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். எங்களுக்குத் தெரியாதுங்க, நாங்க இப்பத்தான் வந்தோம் என்றாள். அது சரி, அவளுக்கு எப்படித் தெரியும்?

பக்கத்துக் காம்பராவில் கேட்டோம்.

"அப்படி யாரும் இங்க இல்லைங்கம்மா."

"இப்ப இல்லடி. முன்னால இருந்தாளே."

"தெரியலைங்கம்மா."

அந்த லயம் முழுக்க வாசல் வாசலாகப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் எனக்கு உட்காரச் சாக்கு விரித்தார்கள். ஒருத்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள். என் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்கள், என் கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்கள். ஒரு மரியாதைக் குறைவு கிடையாது. எல்லாரும் ஒரே பதில். அப்படி யாரும் இல்லைங்கம்மா. கருவாடு வாங்கிப்போன அந்த மூத்தவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் நின்றேன். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீதானடி எங்கிட்ட சொன்னே."

"நான் ஒண்ணும் சொல்லலைங்களேம்மா" என்றாள்.

அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். என்னிடம் சொல்லி ஒருத்திக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தவர்கள்.

திரும்பும்போது என் கொழுந்தன் வண்டியில் ஏறவில்லை. பக்கத்தில் நடந்து வந்தான். தோட்டத்து எல்லை தாண்டி ஒரு வளைவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினோம். அப்போது வந்து வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, ஒரு வழி இருக்கு. உங்க பேரை எழுதட்டா?"

"என் பேரையா?"

"இன்ன கடை வீட்டுல, இன்னார் பொஞ்சாதி, அவ சொன்னதை நேர்ல கேட்டவங்க, ஒத்தடம் குடுத்தவங்கன்னு எழுதுறேன். நீங்க தமிழ்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அது போதும். கடைக்காரங்க சொன்னா நம்புவாரு. நான் பொய்யன் இல்லேன்னாவது தெரியும். அவளை எழுதுனதும் கற்பனை இல்லேன்னு தெரியும்."

என் புருஷன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதை இங்கே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் அவர்தான் தடுத்தார் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தடுக்கவில்லை.

நான் நினைத்ததெல்லாம் இதுதான். என் பெயர் அந்த வெள்ளைக்காரன் மேசைக்குப் போகும். அவன் அதன் ஓரத்தில் சிவப்பு மையில் ஏதாவது எழுதுவான். சரிபார்ப்பது கடமை என்று சர்க்கார் கச்சேரிக்கு எழுதுவான். கச்சேரிப் பியோன் எங்கள் கடை வாசலில் வந்து நின்று, இப்படி ஒரு அம்மாள் இங்கே உண்டா என்று நாலு பேர் கேட்கக் கேட்பான். அந்தத் துரையின் பங்களாவுக்குச் சாமான் எங்கள் கடையிலிருந்துதான் போனது, அதையும் நினைத்தேன். ஆனால் அதைவிட, என் பெயரை ஒருத்தன் வாசலில் நின்று கேட்பதைத்தான் நினைத்தேன். உடம்பெல்லாம் கூசியது.

"அதெல்லாம் வேணாம்ப்பா" என்றேன். "பொம்பளை பேரு எதுக்குக் கடுதாசியில?"

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். எனக்குச் சொல்லத் தெரியும். அவன் வெறுமனே பார்த்துவிட்டு, "சரிங்க அண்ணி" என்று சொல்லி, மாட்டின் முன்னால் இருந்த வாளியை எடுத்து ஓடைப் பக்கம் வைத்தான். வீடு வரும்வரை நடந்தே வந்தான்.

அவன் புரொபசருக்குப் பதில் எழுதவில்லை. லீவு முடிந்து ரயிலுக்குப் போக வேண்டிய நாள் வந்தது, போனது. திங்கட்கிழமை காலையில் கடைப் பலகைகளை அவன்தான் எடுத்து அடுக்கினான். பேப்பர் படிப்பான், சரக்குக்கு இங்கிலீஷில் கடுதாசி எழுதுவான். அந்தக் கடுதாசிகளை நான் பார்த்திருக்கிறேன். நாலு வரி, அலங்காரம் இருக்காது. வேறு எதையும் அவன் எழுதி நான் பார்க்கவில்லை. என்னை ஒரு நாளும் ஒரு சொல் கேட்டதில்லை. கோயிலில் யாராவது, "தம்பி பரீட்சை என்னாச்சு?" என்று கேட்டால் நான் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு அவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

பின்கட்டுத் தாழ்வாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் மறுபடி வந்தார்கள். வேறு நிழல் இல்லையே. தண்ணீர் குடித்தார்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள், மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசினார்கள். நான் போய் உட்கார்ந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

மடுல்சீமையிலிருந்து வருகிற வண்டிக்காரர்களிடம் பல வருஷம் விசாரித்தேன். அப்படி நாலு பேர், ஒரு கிழவன், ஒரு கைப்பிள்ளை. ஒருத்தன் பார்த்தேன் என்பான், எங்கே என்றால் முழிப்பான். நான் கேட்கிறேன் என்பதற்காகச் சொன்னது. அந்த மலை ராத்திரிக் குளிரில், கூரை இல்லாமல், பால்குடி மறக்காத பிள்ளையோடு எந்தப் பாதையில் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

என் புருஷன் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், நான் கேட்காமலே ஒரு பேச்சு எடுத்தார். "நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தாலும் அந்த வெள்ளைக்காரன் ஒத்துக்கிட்டிருக்க மாட்டான். பொம்பளை சொல்லைக் கேட்டா கையெழுத்துப் போடுவான்?" ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஒத்துக்கொண்டிருக்கமாட்டான் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் என் பெயரை எழுதி அனுப்பிப் பார்க்கவில்லை.